நம் நிலம் பச்சைதான்

தியாகராய நகர்,
சனிக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை சேர்மத்துரை அவர்களுக்கு, பொன்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பங்கஜமும் சேலைக் கடையும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சி ரத்னாவும் மருமகள் ஜெயஸ்ரீயும் உடன்குடி வெயிலும் சுகம்தானா என்று அறிய ஆசை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டிவிடுகிறீர்கள், அதனால்தான் தபால்.

முதலில் நல்ல செய்தி. ஏரிக்கரை ஓரமாக நாம் இருவரும் சேர்ந்து வாங்கிப் போட்ட நிலம் அநேகமாகத் தப்பித்தது. நீங்கள் ஊர்க்கடையை மூடிவிட்டு வந்து குடோன் கட்டிப் பிழைக்கலாம். சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து இன்னும் இருபது வருஷத்துக்கு எங்கே வீடு, எங்கே தொழில், எங்கே வயல், எங்கே தண்ணீர் என்று அரசாங்கம் ஒரு திட்டம் போடுகிறது. அதன் வரைபடத்தை அடையாறில் ஒரு மண்டபத்தில் மாட்டி, ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம் என்றார்கள். நீங்கள் சொன்னபடியே, நம் நிலத்தில் குடோன் கட்ட அனுமதி கேட்கிற மனுவோடு போனேன்.

மனுவை நீட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சுவர் அகலத்துக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு ஜவுளிக்காரன் புத்தி வந்துவிட்டது. குடியிருப்புக்கு மஞ்சள், கடைவீதிக்குச் சிவப்பு, குடோனுக்கும் தொழிற்சாலைக்கும் கத்திரிப்பூ நிறம், வயலுக்குப் பச்சை, தண்ணீர் நிற்கிற இடத்துக்கு நீலம். பச்சையாக இருந்தால் மனுப்போட்டு மாற்றிக் கேட்கலாம், நீலமென்றால் ஒரு செங்கல் வைக்க முடியாது. அங்கே இருந்த அலுவலர் சுந்தரவல்லி பொறுமைசாலி. "ஏம்மா, வறண்டு கிடக்கிற இடத்துக்கெல்லாம் எதுக்கு நீலம்?" என்று கேட்டேன். "மழைக்காலத்துல தண்ணி வந்து அங்க நின்னுட்டுப் போகும் சார்" என்றார். எங்கே போகும் என்றேன், சதுப்புக்கு என்றார். அப்புறம் என்றேன், கடலுக்கு என்றார். கடலுக்கு நேராகவே போக வேண்டியதுதானே, நடுவில் எதற்கு இளைப்பாற வேண்டும் என்று கேட்டேன். "அவசரமா போனா வழியில இருக்கற வீட்டுக்குள்ள எல்லாம் போய்ட்டுதான் சார் போகும்" என்றார். அறுபத்தாறு வயதுவரைக்கும் இதை நான் யோசித்ததே இல்லை. சரி, அப்படியானால் ஊர் வளர வேண்டாமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா என்று விடாமல் கேட்டேன். "குடோன் வேணாம்னு சொல்லல சார், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டுநிலமா பாத்து கத்திரிப்பூ போட்டிருக்கோம், அங்க வாங்கன்னுதான் சொல்றோம்" என்றார். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரைக்கும் போயிருந்தது.

அப்புறம் நம் நிலத்தைத் தேடினேன். வெயில் படுகிற மூலையில் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் சந்தேகமே இல்லை, நல்ல கிளிப்பச்சை. சத்தமாகச் சொல்லியும்விட்டேன். உடனே பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அண்ணாச்சி, இன்னா சொல்றீங்க? அது நீலம்" என்றார். பெயர் ஜுவேரியா, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர். நம் நிலத்துத் தண்ணீர் வடிந்து வருகிற வழியில், ஆதம்பாக்கத்தைத் தாண்டி, தரைத்தளத்தில் வீடு. "நானும் நூலு கலர் பாத்துக்கினு கீறவதான். போன மழைக்கு கட்டில் மேல அடுப்ப வெச்சி சமைச்சோம். அங்க குடோன் வந்துச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் நாற்பத்திரண்டு வருஷ அனுபவம் வாயை மூடவிடுமா? என் கடைப் பெயரைச் சொன்னதும் கூட்டம் நம் பக்கம் சாய்ந்துவிட்டது. பன்னிரண்டு பேர் நம் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சுந்தரவல்லி, "எழுதிக்கறேன் சார், சர்வே எண்ண வெச்சு சரிபார்ப்போம்" என்றார். அந்தப் பெண் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது, இந்தக் காலத்துச் சாயமே சரியில்லை. கடைக்கு வருகிற நீலமெல்லாம் பாசி பிடித்த நீலமாக இருக்கிறது. புது விளக்குப் போட்டும் கடை மங்கல். பங்கஜம் என் பச்சைச் சட்டையை நீலம் என்கிறாள். ஜெயஸ்ரீ நிச்சயதார்த்தத்துக்குப் பையன் வீட்டார் கேட்டபடி என் கையாலேயே பச்சைப் பட்டு எடுத்து அனுப்பினேன், மருமகள் போன் பண்ணி "நீலம் சூப்பர் மாமா" என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையை ஒரு நல்ல கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ரத்னாவுக்கு என் அன்பு. மருமகள் சாயம் போகாத பட்டுபோல நீண்ட நாள் வாழட்டும். குடோனுக்கு நல்ல நாள் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பொன்ராஜ்

பின்குறிப்பு: இதை எழுதித் தபாலில் சேர்ப்பதற்குள் பங்கஜம் என்னையே கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, நீலமெல்லாம் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும் என்றார். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்துப் பத்து நாள் கழித்து நேராக மண்டபத்துக்குத்தான் போனேன். நம் நிலம் நீலம், மாப்பிள்ளை. பச்சை கலந்த மயில்கழுத்துகூட இல்லை, சுத்த நீலம். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு பேருக்கும் போன் பண்ணி, ஒவ்வொருவரிடமும் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஜுவேரியாவிடமும் சொன்னேன், "பரவால்ல அண்ணாச்சி, இடது கண்ணயும் சீக்கிரம் பண்ணிக்கோங்க" என்றார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள், நிறம் பார்க்க இன்னொரு கண் வேண்டும்.

அந்தப் பட்டு நீலம்தான். நிச்சயத்தன்று யாராவது கேட்டால் பச்சை என்றே சாதித்துவிடுங்கள், தி.நகர் அண்ணாச்சி பார்த்து எடுத்தது என்றும் சொல்லுங்கள். நிலத்தை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது, அங்கே தண்ணீர் வரும்.