ஜாம் ஜாடி வளையம் ஆபாசப் பொருளான வழக்கு

பிள்ளை பிறப்பது ஆண்டவன் செயல். அதில் தபால் தலை ஒட்டி யாரும் குறுக்கிடலாகாது என்று அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. கருத்தடைச் சாமானைத் தபாலில் அனுப்பினால் குற்றம். அதைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினாலும் குற்றம். ஒஹாயோ மாநிலத்து பெல்டன்வில்லில் இந்தப் புனிதக் கடமையைச் சுமந்தவர் தபால் ஆய்வாளர் ஹைரம் டட்டில்.

வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? 'மணமான மாதரின் உற்ற தோழி' என்று பத்திரிகையில் விளம்பரம் போடுவார்கள். தோழி பொட்டலத்தில் வந்து சேருவாள். அவர்களைப் பிடிக்க ஹைரம் பெண் பெயரில் கடிதம் எழுதுவார்: 'மேற்படி பொருளைத் தாமதமின்றி அனுப்பிவைக்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இப்படிக்கு, ஓர் அபலை.' எந்த ஊர் அபலை இப்படி எழுதுவாள்? ஒருவரும் சிக்கவில்லை. வேலை போய்விடும் என்று மேலிடம் மிரட்டியது.

வீட்டில் மனைவி லவீனியாவுக்கு ஏழு பிள்ளைகள். எட்டாவது தங்கினால் உன் உயிர் தங்காது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

"லவீனியா, நீ ஒரு கடுதாசி எழுதிக் குடேன். பிள்ளை பெத்துப் பெத்து ஓய்ஞ்சுபோன பொம்பளை மாதிரி நடிச்சு எழுதணும்" என்றார் ஹைரம்.

"நடிக்கணுமா?"

"ஏன், உன்னால முடியாதா?"

"முயற்சி பண்றேங்க."

அந்தக் கடிதத்தைப் படித்து வியாபாரி கிரான்ட்ஸ் அம்மாள் அழுதே விட்டாள். காசுகூட வாங்காமல் பொட்டலத்தை அனுப்பினாள். அதைப் பார்ப்பதே பாவம் என்று ஹைரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயே பிரிச்சு, சாட்சிப் பெட்டியில வெச்சு, அரக்கு வெச்சிடு" என்றார். லவீனியா வந்த ரப்பர் சாமானைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். ஜாம் ஜாடி மூடிக்குப் போடும் ரப்பர் வளையத்தைப் பெட்டியில் வைத்து அரக்கு வைத்தாள். உயிர்ப்பயம் அய்யா, வேறென்ன செய்வாள்?

நீதிமன்றத்தில் நீதிபதி வளையத்தை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

"அடச்சீ! இதுவா அது?"

'இது ஜாம் ஜாடி வளையமாச்சே' என்று கூட்டத்தில் பாதிப் பேருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், "அப்ப நிஜமானது எப்படி இருக்கும்னு உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே! கனவான்கள் கம்மென்று இருந்தார்கள்.

"சத்தியமா இதேதான் எசமான் நான் அனுப்பினது!" என்றாள் நிஜச் சாமான் யாரிடம் தங்கிவிட்டது என்று புரிந்துகொண்ட கிரான்ட்ஸ் அம்மாள், விழுந்து விழுந்து சிரிக்காத குறையாக.

அபராதம் பத்து டாலர். இவ்வகை வளையங்கள் யாவும் கருத்தரிப்பைத் தடுக்கும் ஆபாசப் பொருட்கள் என்று தீர்ப்பாயிற்று. மளிகைக் கடைகளில் வளையங்கள் பறிமுதலாயின. ஊர் முழுக்கப் பீச் பழம் ஜாடியிலேயே புளித்து நாறியது. ஆனால் ஆண்பிள்ளைகளோ, "கோர்ட்டே சர்டிபிகேட் குடுத்துடுச்சுப்பா!" என்று கொல்லைப்புற வழியாகப் போய் பத்து மடங்கு விலைக்கு வளையம் வாங்கினார்கள். பாதிரியார் இரண்டு வாங்கினார்.

மறு வருஷம் பெல்டன்வில்லில் தொட்டில் கிடைக்கவில்லை. நீதிபதி வீட்டில் இரட்டை.

பிறப்புக் கணக்கைப் பார்த்து அரசாங்கம் பூரித்துப்போனது. சட்டம் வென்றது! ஹைரமுக்குப் பதக்கம் கொடுக்கப் பேச்சு எழுந்தது. அப்போதுதான் ஒரு குமாஸ்தா கவனித்தார்: புதுக் குழந்தை இல்லாத வீடு ஊரிலேயே ஒன்றுதான். ஆய்வாளர் வீடு. 'இதற்குத் தக்க விளக்கத்தைத் தபாலில் அனுப்பவும், தவறினால் பணிநீக்கம்' என்று உத்தரவு வந்தது.

ஹைரம் உத்தரவை மனைவியிடம் நீட்டினார். "எனக்கே தெரியலையேடி. என்ன எழுதட்டும்?"

லவீனியா ஒளிக்கவில்லை. "உள்ளதை எழுதுங்க. எட்டாவது வந்திருந்தா நான் செத்திருப்பேன். பயமா இருந்துச்சு. அந்தச் சாமானை நான்தான் வெச்சுக்கிட்டேன்."

ஹைரம் அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, பேனாவை எடுத்தார். ஒரு வரி எழுதினார். திடுக்கிட்டு அந்த வரியை அடித்துவிட்டார்.

"இதை எப்படிடி தபால்ல போடுவேன்? போட்டா நானே என்னைக் கைது பண்ணணுமே!"