மச்சான் நிமிர்ந்துவிட்டார்

சேசு, மரி, சூசை துணை

மாரண்டஹள்ளி,
12-9-1976

அன்புள்ள தம்பி ஞானராஜுக்கு அக்கா பாக்கியமேரி எழுதுவது. இங்கே ஆடு, மாடு, அக்கம்பக்கம் எல்லாம் சுகம். பெங்களூரில் நீயும் சம்சாரமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். என் சுகத்தை மட்டும் கேட்காதே. அதைக் கெடுத்தவனே நீதான்.

கோடையில் எரு மூட்டை தூக்கி உன் மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஒன்றை மட்டும் மனுஷன் ஒழுங்காகச் செய்தார். தோட்டத்தில் தக்காளி பழுத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் நானே கூடைகளை பஸ்ஸில் ஏற்றிப் பாலக்கோடு மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் குப்புராஜ், "ஏம்மா, வூட்ல ஆம்பளைங்க இல்லீங்களா?" என்றார். "இருக்கறாருங்க, படுத்திருக்கறாரு. நீங்க வெலையச் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்ன விலை கட்டாது என்று நான் கூடையைத் திரும்பத் தூக்கியதும் பின்னாலேயே ஓடிவந்தார். போகப்போக, என்னைக் கண்டாலே நாற்காலியை இழுத்துப் போட்டு, "மேரியம்மாவுக்கு ஒரு டீ!" என்று சத்தம் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். இந்த வயசுக்கு எனக்கென்று ஒருத்தர் நாற்காலி போட்டது அங்கேதான்.

அது உனக்குப் பொறுக்கவில்லை. மருந்தில்லாமல் கையாலேயே எலும்பைச் சரிசெய்கிறவர் என்று சீமையில் படித்த டாக்டரைக் கூட்டி வந்தாய். கைரோபிராக்டர் என்ற பெயர் என் வாயில் இன்னும் நுழையவில்லை. ஏதோ எண்ணெய் தடவிவிட்டுப் போவார் என்றிருந்தேன். அவரோ உன் மச்சானை நடக்கவிட்டுப் பார்த்தார், பெஞ்சில் குப்புறப் போட்டு முதுகுத்தண்டைக் கணுக்கணுவாகத் தொட்டுப் பார்த்தார், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரே அமுக்கு. கடக்கென்று சத்தம். "ஐயோ மாதாவே, கொன்னுட்டாங்க!" என்று அலறிய மனுஷன் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "அடியே, வலி பாதி போயிருச்சுடி" என்று சிரிக்கிறார். நானும் சந்தோஷத்தில் அழுது தொலைத்தேன், பாவி. அப்புறம் பெங்களூருக்கு வந்து போனதிலும், டாக்டர் சொன்னபடி காலை மடக்கி நீட்டியதிலும் இப்போது நேராக நடக்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். கீழே விழுந்த துண்டை எடுக்க மட்டும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

நிமிர்ந்ததும் போன இடம் மண்டிதான். நானும் கூடப் போனேன். குப்புராஜ் நாற்காலியை அவருக்குப் போட்டு, "அண்ணனே வந்துட்டாருங்களே, இனி உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்?" என்றார். உன் மச்சானும், "நீ பஸ் ஏறு. வூட்டுக்குப் போயி அடுப்பப் பாரு" என்றார். குப்புராஜ் கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு, எனக்கு வருகிற டீயை உன் மச்சானே குடித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், தம்பி. நான் சுமந்த சுமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி அந்த டாக்டரை இந்தப் பக்கம் கூட்டி வந்தாயானால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மற்றபடி விசேஷமில்லை. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. மாதா உங்களைக் காப்பாள்.

உன் அக்கா,
பாக்கியமேரி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள், பஸ் மேலிருந்து கூடை இறக்கப்போன உன் மச்சானுக்கு மறுபடியும் பிடித்துக்கொண்டது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கட்டிலருகே போனேன். சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்கலடி, உன் தம்பிக்கு எழுதுடி" என்று அழுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த டாக்டரை அவசியம் கூட்டி வா. ஆனால் உடனே புறப்பட்டுவிடாதே. தோட்டத்தில் பழம் நிற்கிறது. நான் ரெண்டு தரம் மண்டிக்குப் போய் வந்துவிடுகிறேன்.