எழுபதுக்கு அறுபத்தேழு

பார்சலைப் பிரித்ததும், காசை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதே வெள்ளிக் காசு, அதே தேய்ந்துபோன மீசை ராஜா. கூட வந்த சீட்டில் மட்டும், மார்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. போலி.

"என்னாச்சு? முகம் ஏன் இப்படி வெளிறிப்போச்சு?" என்றாள் மனைவி.

"உங்கப்பா காசைப் போலிங்கிறான்."

"யாரு?"

"நான் தேடிப் பிடிச்ச கம்பெனி."

மாமனார் பழங்காசுக் கடை வைத்திருந்தார். மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்த மருமகனை, அந்தக் கடை மூடியதும் தன் கடையில் சேர்த்துக்கொண்டார். அவர் 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். மனுஷனுக்குச் சொந்தப் பெயரே மறந்துபோகும் நிலை. மெத்தையைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார். காசைப் பற்றிக் கேட்டால் பேச்சை மெத்தைக்குக் கொண்டுபோய்விடுவார்.

பழைய காசு அசலா என்று பார்த்து, எழுபதுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. பேர்பெற்ற கம்பெனிகளுக்கு அனுப்பினால் காசு திரும்பி வர மாதக்கணக்காகும். அதனால்தான் மாமனார் இந்தக் காசைக் கையில் கொடுத்திருந்தார்.

"அதிகம் பேர் தெரியாத கம்பெனியா இருந்தாலும் பரவாயில்ல மாப்பிள்ளை. நம்பகமானதா ஒண்ணு பாருங்க. இந்தக் காசு ரொம்ப வருஷமா என்கிட்ட இருக்கு. இதை நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா, கடையை உங்க பொறுப்புல விட்டுட்டு நான் நிம்மதியா ஓய்வெடுத்துக்குவேன்."

இப்போது போலி என்று வந்திருக்கிறது.

"அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா பொத்திப் பொத்தி வெச்ச காசு! கேட்டதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்னா? அப்புறம் உங்கம்மா என்னை வாசப்படி ஏற விடுவாங்களா? கடையும் போச்சு, குடும்பமும் போச்சு."

கம்பெனிக்குப் போன் போட்டார். பேசிய பெண் பொறுமைசாலி.

"எடை குறையுது சார். அச்சுல வார்த்த கோடு ஓரத்துல தெரியுது, அசல் காசுல அது இருக்காது."

"ஒரு தடவை கண்ணாடி போட்டு நல்லாப் பாருங்களேன்மா."

"போட்டுத்தான் சார் பார்த்தோம்."

"அப்ப கழட்டிட்டுப் பாருங்க."

போன் வைக்கப்பட்டது.

கம்பெனி சரியில்லை என்று முடிவுகட்டி, இரண்டாவதாக ஒரு கம்பெனிக்குக் காசை அனுப்பினார். கடையில் மாமனார் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஏதாவது தகவல் உண்டா?"

"ரொம்ப ஆழமாப் பார்க்கிறாங்க மாமா."

"ஆழமாப் பார்க்கிறாங்களா? பேஷ்!" மாமனார் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படி ஒரு காசை இதுவரைக்கும் பார்த்ததே இல்லைன்னாங்களாம்."

"அப்படியா சொன்னாங்க?" என்று மாமனார் மருமகனை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டாவது கம்பெனியின் சீட்டும் வந்தது. போலி. எடை, ஓரத்துக் கோடு என்று முதல் கம்பெனி சொன்ன அதே காரணங்கள்.

"பார்த்தியா? ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!" என்று குதித்தார்.

"ரெண்டு டாக்டர் ஒரே வியாதியைச் சொன்னா, கூட்டுக் களவாணிங்கன்னா சொல்லுவீங்க?"

"நீ யார் பக்கம்?"

"நான் தூங்குற பக்கம். நீங்க தூங்கித்தான் எத்தனை நாளாச்சு!"

அது உண்மை. சாப்பாடும் இறங்கவில்லை. மெத்தைக் கடை மூடியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. அப்போது போக ஒரு மாமனார் வீடு இருந்தது. இப்போது அந்த மாமனாருக்கே பதில் சொல்ல வேண்டும். வேறு எங்கே போவது?

மூன்றாவது கம்பெனி, செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தது. மேஜையில் பிளாஸ்டிக் பெட்டிகள் குவிந்து கிடந்தன. தராசு ஒன்று மூலையில் துணி போர்த்திக்கொண்டு ஓய்வில் இருந்தது. முதலாளி காசைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு மார்க் வேணும் சார்?"

"அதை... நீங்கதானே சொல்லணும்?"

"நான் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு எவ்வளவு தேவைப்படுது?"

மாப்பிள்ளை வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எழுபது?"

"எழுபது போட்டா சந்தேகப்படுவாங்க. அறுபத்தேழு வெச்சுக்குங்க. கௌரவமா இருக்கும்."

உறையிலிருந்து வழுக்கி நேராகப் பெட்டிக்குள் விழுந்தது காசு. பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. தப்பு என்று மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நேராக மாமனார் வீட்டுக்குப் போனார். மனைவி வர மறுத்துவிட்டாள். கூடத்தில் மாமனார் பெட்டியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார். ரசித்துப் பார்க்கிறார் போலும் என்று மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அறுபத்தேழா?" என்றார் மாமனார் கடைசியில்.

"கறாரான கம்பெனி மாமா. நான் எழுபதுன்னு கேட்டுப் பார்த்தேன், அசையவே இல்லையே!"

"இவங்களை நம்பலாம்ங்கிறீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். இனிமே நம்ம கடைக் காசு அத்தனையும் இவங்ககிட்டயே அனுப்பிடலாம்."

"வேற எங்கேயும் காட்டிப் பார்க்கலையா?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

"காட்டாம இருப்பேனா மாமா? ரெண்டு கம்பெனில காட்டினேன். ரெண்டும் தொழில் தெரியாத பசங்க. அவங்க சொன்னதை என் வாயால சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

மாமனார் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு வலியோ என்று மாப்பிள்ளை பதறி எழுந்தார்.

"அத்தை! சீக்கிரம் வாங்க! மாமாவுக்கு என்னமோ பண்ணுது!"

ஈரக்கையைத் துடைத்தபடி மாமியார் வந்தார். கணவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெட்டிமேல் மின்னிய ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இதைப் போலின்னு சொல்ற கம்பெனி ஒண்ணுகூடவா கிடைக்கல? அப்படி ஒண்ணைக் கண்டுபிடிக்கத்தானே இந்தப் போலிக் காசை உங்க கையில குடுத்தாரு!"