இரும்புத் தொப்பிக்குள் தாய்மாமன்

"முகம் தெரியாத ஆளிட்டை நான் தேங்காய் குடுக்கேலாது" என்றார் ஐயர்.

மகேஸ்வரன் தலை முதல் கால் வரை இரும்புக் கவசத்தில் நின்றார். ஸ்காபரோ மண்டபத்தில் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மகள் சுபாங்கி பெரியபிள்ளையான சாமத்தியவீடு. தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் சடங்கு நகராது.

ஐந்து வருசத்துக்கு முன், தங்கச்சி புருசன், மச்சான் அருள்நாயகத்தின் புதுவீட்டுக் குடிபூரல் வீடியோவில் மகேஸ்வரனின் முகம் ஒரு இடத்திலும் இல்லாமல் வெட்டுப்பட்டுப் போனது. "இனி உன்ர வீட்டு வீடியோவில என்ர முகம் வராது" என்று சபதம் போட்டவர், அன்றிலிருந்து மச்சானோடு பேசுவதில்லை. ஆனால் மருமகளை விட மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வாடகைக் கவசம். ரொறன்ரோவில் சாமத்தியவீடுகளுக்கு மாமன்மார் ஹெலிகொப்டரிலேயே வந்திறங்குகிறபடியால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தங்கச்சி பாலேஸ்வரிதான் தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கி, ஒரு நிமிசம் அழுத்திப் பிடித்தும் விட்டாள்.

"சரி, கொஞ்சம் திறக்கிறன்" என்றார்.

முகமூடி அசையவில்லை.

நல்லெண்ணெய் விட்டார்கள். அது கண்ணுக்குள் போனது. இடுப்பிலிருந்த வாளை உருவி நெம்பினார்கள். வாள் வளைந்தது.

"உதுக்கு வாள் சரிவராது அண்ணை" என்றான் வீடியோக்காரன் றொய்சன், கமெராவை இறக்காமலே. "அந்தக் காலச் சண்டையிலயும் சுத்தியலாலதான் அடிச்சவங்கள். இல்லாட்டி மெல்லிய கத்தியை இடுக்குக்குள்ள விட்டவங்கள்."

யாரோ தேங்காய்க் கத்தியின் முதுகால் ஒன்று போட்டார்கள். இரும்பு நெளிந்து இன்னும் இறுகியது. மகேஸ்வரனுக்கு மூச்சு முட்டியது. உண்மையிலேயே பயந்துவிட்டார்.

"சுபநேரம் முடியப்போகுது" என்றார் ஐயர்.

பாலேஸ்வரி புருசனைப் பார்த்தாள். "உங்கட வாகனத்தில டூல் பொக்ஸ் இருக்குத்தானே?"

அருள்நாயகம் மெல்லிய ஸ்க்ரூட்ரைவரோடு ஓடிவந்து, முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மச்சான், கண்ணை மூடுங்கோ."

"மூடிட்டன். மெதுவா, மச்சான்."

முகமூடி மேலே போனது. உள்ளே எண்ணெயும் கண்ணீருமாக ஒரு முகம். அருள்நாயகம் அதைத் தன் சால்வையால் துடைத்துவிட்டார்.

"றொய்சன், இதில ஒரு துண்டும் வெட்டக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார் அருள்நாயகம்.

மகேஸ்வரன் ஒரே அடியில் தேங்காயை உடைத்தார். ஐயர் பாலேஸ்வரியின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"பிள்ளை, முகம் தெரியவேணும் எண்டு நீங்கள் சொல்லச் சொன்னபடியே சொன்னன். சூப்பர் குளூ ஒட்டினதை எனக்கு ஏன் சொல்லேல்லை?"