வாசல் திரும்பிய பேக்கரி

"வாசலைத் திருப்பி வச்சிடுங்க மாப்பிள்ளை. கரண்டு பில்லு தானா இறங்கும்."

மச்சான் இதைச் சொன்னபோது அவர் கையில் வேறொருவரின் தாடை இருந்தது. பாதிச் சவரத்தில் கத்தி நின்றுவிட்டதால் தாடைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேக்கரிக்காரர் அந்த மாத மின்கட்டணம் தெரிந்த போனைச் சட்டைப் பையில் போட்டார். "எப்படி மச்சான்?"

"ரேட்டெல்லாம் வாசலைப் பார்த்துத்தான் போடுறாங்க. உங்க வாசல் பெரிய தெருவைப் பார்க்குது, மாட்டிக்கிட்டீங்க. என் வாசல் பின் தெருவைப் பார்க்குது. என் பில்லு உங்க பில்லுக்கு வட்டி மாதிரிதான் வரும்."

"இதை யாரு சொன்னா?"

"இந்த நாற்காலியில உட்கார்ந்த ஒருத்தர்தான் சொன்னாரு. கரண்டு ஆபீஸ் பக்கம் அடிக்கடி போற ஆளு."

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பேக்கரிக்காரருக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. கேக் வெந்ததா என்று குச்சியால் குத்திப் பார்ப்பதற்குள் அதன்மேல் கிரீம் தடவிவிடுகிற மனிதர்.

அந்த ஊரில் பெரிய தெருவுக்கும் பின் தெருவுக்கும் நடுவில்தான் விலை மாறுகிற எல்லை ஓடியது. மின்சார ஆபீஸ் ஒன்றுதான், ரேட்டு மட்டும் இரண்டு. பெரிய தெருப் பக்கம் பெட்ரோல் மலிவு, கரண்டு யானை விலை. பின் தெருப் பக்கம் கரண்டு ஏறக்குறைய பாதி விலை, பெட்ரோலோ தொட்டால் சுடும். ஏன் இப்படி என்று கேட்டால் ஒருவர் அணையைச் சொல்வார், ஒருவர் வரியைச் சொல்வார், இன்னொருவர் மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஜனங்கள் காரணத்தைத் தேடி அலையவில்லை, வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பெரிய தெருக்காரர்கள் பின் தெரு உறவினர் வீட்டுக்குப் போனால் முதலில் சார்ஜரைச் சொருகுவார்கள், அப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்பார்கள். பின் தெருக்காரர்கள் விருந்துக்கு வரும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள், போகும்போது ஓட்டிக்கொண்டு போவார்கள்.

பேக்கரி இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. முகம் பெரிய தெருவில், முதுகு பின் தெருவில்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் கடையில ஓடுறது ஒரு ஃபேனும் ஒரு கத்திரிக்கோலும். கத்திரிக்கோலுக்குக் கரண்டா வேணும்? நம்ம அடுப்பு விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து எரியுது. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசுறீங்களே."

"அதுக்கில்லை. ரேட்டே பாதியாம்."

"அப்போ ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க."

"கேட்டா உஷாராயிடுவாங்க. சும்மா கிடக்குற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?"

மனைவி பாத்திரத்தை மறுபடி கையில் எடுத்தாள். "சரி. ரெண்டு மாசம் பார்ப்பேன். பில்லு இறங்கலேன்னா கடையை மூடிட்டு எங்கண்ணன் கடைக் கல்லாவுல போய் உட்காருங்க. அவரும் ஆள் வேணும்னுதான் சொல்லிட்டிருக்காரு."

அந்தப் பேக்கரி அவசரம் ஒண்டியாக நின்று உண்டாக்கியது. அதை விட்டுவிட்டு, நாள் முழுக்க அடுத்தவர் முடி பறக்கிற இடத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, சில்லறை கொடுங்க" என்று மச்சான் ஏவுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதா? அதைவிடத் தன் தலையைத் தானே அந்த அடுப்பில் வைத்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் பின்சுவரை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பூரா அடுப்பு. அந்த மூலையில தூண். கதவு வைக்கணும்னா இந்த ஒரு இடம்தான். ஆனா இங்க மீட்டர் பெட்டி இருக்கே."

"அது கிடக்கட்டும், எடுத்துடலாம். முன்பக்கம்தான் இனிமே நமக்கு முதுகு. மீட்டர் முதுகுலதானே இருக்கணும்? அங்க மாத்திடச் சொல்றேன்."

"ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணுங்க."

எழுதிக் கொடுத்தார். கதவு வைக்க இடம் வேண்டும் என்று மட்டும்தான் எழுதினார். எதற்குக் கதவு என்று மூச்சுவிடவில்லை. ஆட்கள் வந்தார்கள், பின்சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றினார்கள், பெரிய தெருப் பக்கம் ஷட்டருக்கு அருகில் மாட்டினார்கள், போய்விட்டார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆபீஸையே ஏமாற்றிவிட்டோம் என்று அவசரம் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு பன் கொடுத்தார்.

ஷட்டரை இறக்கிப் பூட்டிப் பின்பக்கம் புதுக் கதவைத் திறந்ததும்தான் எதிரே இருப்பது பல் மருத்துவமனை என்பது உறைத்தது. உள்ளே போகிறவர்கள் பயத்தில் எதையும் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியிலிருக்கும் மொறுமொறு பிஸ்கட்டை ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பழைய வாடிக்கைக்காரர்கள் என்னவோ பெரிய தெருவில் வந்து ஷட்டரைத் தட்டினார்கள். அவசரம் உள்ளேயிருந்து கத்தினார்.

"பின்பக்கமா வாங்க."

"எப்படிங்க வர்றது?"

"நேரா போய், பாலம் தாண்டி, திரும்பி வாங்க."

"ஒரு ரொட்டிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்புக்குறி போட்டு ஒரு பலகை மாட்டினார். ஷட்டருக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய அம்பைப் பார்த்து, கடை வேறு ஊருக்கே போய்விட்டதாகத் தெருவில் பேச்சு கிளம்பியது. கடன்பட்டு ஓடிவிட்டார் என்று அதற்கு ஒருவர் காதும் மூக்கும் வைத்தார்.

சரி, அவர்கள் வராவிட்டால் நாமே போவோம் என்று வேனை எடுத்து வீடு வீடாக ரொட்டி கொண்டுபோனார். முன்பெல்லாம் வேன் பெரிய தெருவில் நிற்கும், பக்கத்திலேயே மலிவு பெட்ரோல். இப்போது வேன் நிற்பது பின் தெருவில். அது ஒருவழிப் பாதை. பாலம் சுற்றிப் பெரிய தெருவுக்கு வருவதற்குள் டேங்க் வற்றிவிடும். வழியில் யானை விலை பங்க்கில் போட்டுக்கொண்டுதான் மலிவு பங்க்குக்கு வர முடிந்தது.

"கரண்டுல மிச்சம் பிடிச்சதைப் பெட்ரோல்ல விடுறீங்களே" என்றாள் மனைவி.

"பில்லு வரட்டும், அப்புறம் பேசு."

பில்லு வந்தது. மனைவிதான் முதலில் பார்த்தாள். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவசரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முன்பு வந்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

முடிவெட்டும் கடைக்கு ஓடினார். மச்சான் கொஞ்சமும் அசரவில்லை.

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"பெரிய தெரு பேக்கரின்னு."

"அதான். வாசலைத் திருப்பினீங்க, பேரைத் திருப்பலையே."

பேரையும் திருப்பினார். 'பின் தெரு பேக்கரி' என்று புதுப் பலகை வந்தது. பெரிய தெருவில் அவரைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்ச நினைப்பும் அதோடு போயிற்று. அடுத்த பில்லு, விற்பனை இல்லாமல் அடுப்பைப் பாதி நாள் அணைத்து வைத்திருந்தும், பழைய பில்லுக்குக் கீழே இம்மியும் இறங்கவில்லை.

"ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. "அண்ணன் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காரு. சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

அவசரம் காலியான கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அடுப்பின்மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அழுகை வந்தது. பல் மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்து, தன்னைப்போல் இவருக்கும் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று எண்ணி ஆறுதலாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அப்போது பெரிய தெருப் பக்கம் ஷட்டரை யாரோ தட்டினார்கள். மீட்டர் கணக்கெடுக்கிறவர். முன்பெல்லாம் மாதாமாதம் பின் தெருவில் வந்து, வெளியிலிருந்தே பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனவர். அவசரத்துக்கு அவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஷட்டரை விரியத் திறந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நடந்தார்.

"இங்க வாங்க. இந்தக் கதவைப் பாருங்க. வெளியே போர்டைப் பாருங்க. இது எந்தத் தெரு?"

"பின் தெரு சார்."

"அப்போ எனக்கு எதுக்குப் பெரிய தெரு ரேட்டு போடுறீங்க? வாசல் மாறி ரெண்டு மாசம் ஆச்சு. திங்கட்கிழமை கடையை மூடப் போறேன், தெரியுமா? நான் இந்தப் பக்கத்து ஆளுங்க."

சத்தம் கேட்டு மனைவி கையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றாள். மீட்டர்காரர் புதுக் கதவைப் பார்த்தார், கதவு வைப்பதற்காக இடித்துப் பூசிய சுவரைத் தடவினார், பிறகு அவசரத்தைப் பாவமாகப் பார்த்தார்.

"வாசலை யாரு சார் பார்க்குறா? மீட்டர் எந்தச் சுவத்துல இருக்கோ அந்தத் தெரு ரேட்டுதான். பெரிய தெருவுலயே இத்தனை வருஷமா பின் தெரு ரேட்டு கட்டிட்டிருந்த ஒரே கடை உங்க கடைதான். இந்த இடத்துல தொங்கின பெட்டியை எதுக்கு சார் எழுதிக் கொடுத்து அந்தப் பக்கம் மாத்தினீங்க?"