கண்ணாடி வண்டியில் மோதிய விவரம்

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். 'நலம்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "பொய் எழுதாதீங்க" என்றதால் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

கார் இன்சூரன்ஸ் முடியப்போகிறது, கட்டிவிடுங்கள் மாமா என்று மூன்று முறை போன் செய்தீர்கள். நானும் "ஆகட்டும்" என்றேன். கட்டவில்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் அல்லவா, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது, ஆகவே இனிமேலும் வராது, ஆகவே கட்டுவது தண்டம். விடைக்குக் கீழே இரண்டு கோடுகூடப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, மூட்டு டாக்டரிடம் காட்ட அத்தையை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கடை வண்டி நின்றது. திறந்த வண்டி, பின்பக்கம் பார்த்தபடி ஆறு நிலைக்கண்ணாடி, ஏதோ புது சலூனுக்காம். பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது ஆக்சிலேட்டரை. மாப்பிள்ளை, ஆறு கண்ணாடியிலும் நானே என்னை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தேன். ஆறு பேரும் வாயைப் பிளந்திருந்தோம். அப்புறம் ஒருத்தனும் இல்லை.

கண்ணாடி போனால் போகட்டும் என்று பார்த்தால், டிரைவர் இறங்கி இரண்டு அடி நடந்து, தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்த போலீஸ்காரம்மா இன்சூரன்ஸ் பேப்பர் கேட்டார்.

"இருக்குங்க. போன மாசம்தான் முடிஞ்சுது."

"அப்போ இல்லைன்னு சொல்லுங்க சார்."

ஆஸ்பத்திரியில் டிரைவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது தெரிந்துவிட்டது. தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஸ்கேன். வெளியே பெஞ்சில் நானும் அத்தையும். டிரைவரின் மனைவி, வேலை பார்க்கும் துணிக்கடையின் யூனிபார்மோடு ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல சார்?"

வைத்தியம், அவர் வேலைக்குப் போக முடியாத மாதங்கள், கண்ணாடி, வண்டி, இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்திருக்க வேண்டியது அத்தனையும் இனி என் தலையில். அந்தக் கதவுக்குள்ளே வேறு மாதிரி ஆகிவிட்டால் கோர்ட், வக்கீல், ஒரு குடும்பத்தின் கண்ணீர். அங்கே உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் இந்த வீட்டை நான்கு தடவை விற்றுவிட்டேன் மாப்பிள்ளை. பதில் சொன்னது அத்தைதான்.

"இல்லம்மா. ஆனா நாங்க இருக்கோம். எங்கேயும் ஓடிட மாட்டோம். இவரால ஓடவும் முடியாது."

அந்த அம்மா சிரித்தார். சிரித்த வேகத்திலேயே அழுதார்.

நல்ல வேளை, தலைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் அவர் எதையும் தூக்கக் கூடாதாம். நசுங்கிய காரை வந்த விலைக்குத் தள்ளினேன். கண்ணாடிக்காரருக்கே அது போதவில்லை. அபராதம் வேறு. அத்தையின் மூட்டு ஆபரேஷனுக்காகப் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்து டிரைவர் வீட்டுக்குக் கொடுத்தோம். "வலி பழகிப்போச்சு, விடுங்க" என்கிறாள். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் அவள் நின்று மூச்சு வாங்குவது, இதை எழுதும்போதுகூடக் கேட்கிறது. இன்சூரன்ஸ் கட்டாமல் நான் மிச்சம் பிடித்த தொகையில் ஒரு கண்ணாடியின் சட்டம்கூட வராது.

உங்களிடம் பணம் கேட்டு எழுதவில்லை. நீங்கள் நான்காவது முறை போன் செய்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது. இனி எந்த ஜென்மத்திலும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன், இது சத்தியம். என் மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக என் புத்தி வராமல், நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

சொல்பேச்சு கேட்காத மாமனார்.

பின்குறிப்பு: நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே ரயிலில் வந்து இறங்கியதும் டாக்சி தேட வேண்டாம். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வெளியூர் போகிறார், கார் சாவியைக் கொடுத்திருக்கிறார். நானே வந்துவிடுகிறேன். பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மறக்காமல் கேட்டேன். "எங்கேயாவது இருக்கும். ஸ்டேஷன் பக்கத்துலதானே சார்" என்றார். யோசித்துப் பார்த்தால், பக்கம்தான்.