மாடிப்படியில் நிற்கும் மேசை

பாசமிக்க அக்காவுக்கு,

பல்கலைக்கழக வாசலிலிருந்து உன் தம்பி எழுதுகிறேன். உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தாநாள் போனில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் என்னைத் திட்டினாய். எனக்குத்தான் மனசு நன்றாக இல்லை. அதை விவரமாகச் சொல்லலாமென்றால் போனில் நீ என்னை வாயைத் திறக்க விடுவதில்லை. காகிதத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாது, ஆகவே கடிதம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள். என் பெண்ணை வீட்டிலிருந்து எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் இந்த இடத்தில் சேர்க்கச் சொன்னது நீ. நம் தெருக்கோடியிலேயே கல்லூரி இருக்கிறது, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "மண்ணைப் பத்தின படிப்பு இங்க எங்கடா இருக்கு? கூப்பிட்டு இடம் கொடுத்திருக்காங்க. கிடைச்ச இடத்த விடுறவளுக்குப் புத்தி இருக்கா?" என்றாய். மண்ணைப் படிக்க எட்டு மணி நேரம் போக வேண்டுமா, நம் வாசலில் இல்லாத மண்ணா? அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி கிளம்பினால் மீதி எத்தனை என்று நீ கணக்குப் பார்க்கவில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று நானும் சம்மதித்துத் தொலைத்தேன்.

விடுதி வார்டனை முன்கூட்டியே போனில் பிடித்து அறையின் அளவு கேட்டேன். "பத்துக்குப் பத்து இருக்கும்" என்றார் அந்த அம்மாள். 'இருக்கும்' என்பது ஓர் அளவா? டேப் பிடித்து அளந்து அங்குலம், நூல் வரைக்கும் சொல்லச் சொன்னேன். பாவம், கட்டில்மேல் ஏறி அளந்தே சொன்னார். அதை வைத்து இருபது நாள் பட்டறையில் இழைத்து, ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு நூல் பிசகாமல் உட்காருகிற மாதிரி ஒரு மேசை செய்தேன். மகளுக்குச் செய்வதில் ஆணி அடிக்க மனசு வருமா? ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, எல்லாம் மரத்தோடு மரம் செருகிப் பசை வைத்து இறுக்கியது. சரக்கு வண்டியில் ஏற்றி, மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டு வந்தேன். பெண் முன்னால் டிரைவர் பக்கத்தில் சௌகரியமாகத் தூங்கினாள். விடுதி மாடிக்கு ஆண்கள் போகக் கூடாதாம். எட்டுப் பெண் பிள்ளைகள் சேர்ந்து மேசையைத் தூக்கிக்கொண்டு ஏற, நான் கீழே நின்று "சாய்ச்சுப் பிடிங்கம்மா, காலு பத்திரம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடியில் திடீரென்று சத்தம் நின்றது. பிறகு என் மகளின் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"அப்பா, கதவு நிலையோட அகலம் கேட்டீங்களா?"

அக்கா, முப்பது வருஷமாக மரவேலை செய்கிறேன். பீரோவைச் செய்துவிட்டு வாசலில் நின்று திருதிருவென்று முழித்த எத்தனை தச்சர்களைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்திருப்பேன்! அறையை அளக்கச் சொன்ன எனக்குக் கதவை அளக்கச் சொல்லத் தோன்றவில்லை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் மூன்று விரற்கடை இடித்தது. திரும்பக் கீழே இறக்கலாம் என்றால் எட்டுப் பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். வார்டன் அம்மாள் வந்து, "வழியில நிக்கக் கூடாது, பிரிச்சுடுங்க" என்றார். "பிரிக்க முடியாதும்மா, உடைக்கத்தான் முடியும்" என்றேன். அவர் மேலே போய் மேசையை ஒருமுறை தடவிப் பார்த்தாராம். மேசை படி திரும்புகிற இடத்தில் அப்படியே நிற்கிறது.

இந்த நிலைமையில் பெண்ணை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? எதிரே ஒரு லாட்ஜில் தங்கினேன். இன்றோடு ஆறு நாள். பகலெல்லாம் வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் நல்ல மனிதர், எனக்கென்று ஒரு ஸ்டூலே போட்டுவிட்டார். அதன் கால் ஆடியது, சரி செய்துகொடுத்தேன். பெண் பாதியாக இளைத்துவிட்டாள். "அப்படியேதானே சார் இருக்காங்க" என்கிறார் கடைக்காரர், அவர் கண்ணாடியை மாற்ற வேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எப்பப்பா ஊருக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்கிறாள், அப்பா போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்கு. நேற்று நாலைந்து பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டே போனாள். உள்ளுக்குள் அழுகிறவர்கள்தான் வெளியே அப்படிச் சிரிப்பார்கள். என் மேசையைச் சுற்றி தினம் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து படிக்கிறார்களாம், அதன்மேல் விதவிதமான மண்ணைப் பரப்பி வைத்து ஆராய்ச்சி வேறு நடக்கிறதாம். நான் மெருகு போட்ட மேசை அக்கா அது, மண் கொட்டவா மெருகு போட்டேன்?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை அவளைப் பெட்டி கட்டச் சொல்லப்போகிறேன். சான்றிதழ்களைத் திரும்ப வாங்க நாலு நாள் ஆகுமாம், ஊர் வந்து சேர சனிக்கிழமை ஆகிவிடும். தெருக்கோடிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். கைக்கு வந்ததும் நீ நேரில் போய் அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிடு. என்னோடு சண்டை போடுவதென்றால் அதன் பிறகு போடு.

அத்தானின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகள் இரண்டு பேரும் என் ஆசியோடு நன்றாகப் படிக்கட்டும், கண்ணுக்கு எதிரிலேயே படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டுக் கெட்டாலும் உன்மேல் அன்பு குறையாத தம்பி.

பி.கு.: மேலே இருப்பது நேற்று எழுதியது. இப்போது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. விண்ணப்பம் போடாதே. மூன்று பக்கம் கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே அனுப்புகிறேன்.

காலையில் விடுதி வாசலுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பெட்டியோடு இறங்கி வந்தாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். ஆறு நாளாக நான் காத்திருந்த வார்த்தை. குதித்திருக்க வேண்டும். நானோ பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"ஏம்மா, பாடம் கஷ்டமா இருக்கா?"

"இல்லப்பா, ரொம்பப் பிடிச்சிருக்கு."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாரும் நல்லவங்கப்பா. ஆனா கிளாஸ் ஜன்னல்லேருந்து பார்த்தா அந்தக் கடையில நீங்க தனியா உட்கார்ந்திருக்கிறது தெரியுது. இங்கேயே இப்படின்னா வீட்டுல எப்படி இருப்பீங்க? உங்கள அப்படி விட்டுட்டு நான் என்னத்தப் படிக்க?"

அக்கா, நான் என்ன செய்தேன் தெரியுமா? கிடைத்த படிப்பை விடக் கூடாது என்று நீ போனில் முக்கால் மணி நேரம் பேசியதை ஒரு வரி விடாமல் அவளிடம் ஒப்பித்தேன். நடுவில் உன் குரல்கூட எனக்கு வந்துவிட்டது. அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"தனியா உட்கார எனக்கு ஏதும்மா நேரம்? பெரிய ஆர்டர் வந்திருக்கு. நாம கிளம்பினதுமே ஆளை விட்டு உன் ரூம் பூரா பலகை அடுக்கியாச்சு. நீ வந்தாலும் படுக்க இடமில்ல."

என் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவாப்பா?"

"பின்ன?"

"என் புத்தகத்து மேல தூசி விழாம துணி போட்டு மூடச் சொல்லுங்க" என்றாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடி ஏறினாள். போகும்போது சிரித்தாள், அது உள்ளுக்குள்ளிருந்து வந்த சிரிப்புதான்.

மதிய வண்டியில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நானே வந்துவிடுவேன், ஆனாலும் இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. படித்துவிட்டு ஒன்றும் கேட்காதே. அவள் முதல் விடுமுறைக்கு வர இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் அந்த அறையில் நாலு பலகையாவது இருந்தாக வேண்டும். பட்டறையிலிருந்து அறை வாசல் வரை நானே சுமந்து வந்துவிடுவேன். அவள் இல்லாத அந்த அறைக்குள் கொண்டுபோய் வைப்பதற்கு மட்டும் நீயும் அத்தானும் ஒரு நாள் வந்து போங்கள்.